சீர்நாடிச் செம்மல்

சொரிமுத்துவின் நெஞ்சு நிமிடத்துக்கு நூற்று அறுபத்து நான்கு முறை அடித்துக்கொண்டிருந்தபோது, மேடையில் குத்துவிளக்கின் மூன்றாவது திரியை யார் ஏற்றுவது என்பதில் சிறு கருத்து வேறுபாடு நடந்துகொண்டிருந்தது.

திரி எரிந்தால்தான் வாழ்த்துப் பாடல். பாடல் முடிந்தால்தான் வரவேற்புரை. பிறகு தலைமையுரை, வாழ்த்துரைகள் நான்கு, சிறப்புரை. அதற்கும் பிறகு நேரம் மிஞ்சினால் மருத்துவர் நாடி பிடிப்பார். பாளையங்கோட்டையில் இருக்கும் தாமிரபரணி இதயநல வாழ்வியல் பேரவையின் வாசற்பலகையில் ‘நோயாளிகளைப் பார்க்கும் நேரம்: செவ்வாய்தோறும் பத்து முதல் ஒன்று’ என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் பேரவைக்கு விழாவைத் தவிர வேறொன்றும் நடத்தத் தெரியாது. ஒருவருக்கு ஊசி போடுவதென்றால்கூட அங்கே ஒருவர் தலைமை தாங்கி, இன்னொருவர் முன்னிலை வகித்தாக வேண்டும். போன மாதம் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. திறந்துவைக்கத் தகுந்த ஆள் அமையாததால் அது இன்னும் ரிப்பனோடு மூலையில் நிற்கிறது. யாரும் ஏறக்கூடாது.

“நூத்தி அறுவத்தி நாலு” என்று நர்ஸ் சுகிர்தா அவர் மணிக்கட்டை விட்டுவிட்டு, அட்டையில் பென்சிலால் எழுதினார்.

“பேனாவுல எழுதும்மா. அழிஞ்சிரப் போவுது.”

“மேடையில டாக்டர் பாக்கறதத்தான் மையில எழுதணும்னு தீர்மானம் போட்டிருக்காங்க அண்ணாச்சி. கீழ பாக்கறதெல்லாம் பென்சில்தான்.”

சொரிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்து நான்கு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். திருநெல்வேலியில் எடுத்தால் முக்கூடல் வழியாகப் பாபநாசம், அங்கிருந்து மலையேறிக் காரையாறு. மூன்று மாதத்துக்கு முன் முக்கூடல் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவருக்கு, நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவது போல ஆரம்பித்தது. தட்டினது யாரென்று பார்ப்பதற்குள் கண் இருட்டிவிட்டது. பத்து எண்ணுகிற நேரம்தான். நிற்கிற வண்டியில் வந்ததால் யாரும் சாகவில்லை. ஓடுகிற வண்டியில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்றிலிருந்து அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. குணமாகும்வரை ஸ்டியரிங் இல்லாத வேலை ஏதாவது வேண்டும். கிளை மேலாளர் அவரைத் தற்காலிகமாகப் பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டு, “பேரவையில போயி சீட்டு வாங்கிட்டு வாரும்வே. நம்ம டிப்போவுக்கும் அவுகளுக்கும் ஒப்பந்தம் இருக்கு. வேற எந்த டாக்டர் எழுதுனாலும் இங்க செல்லாது” என்றார். ஒப்பந்தம் கையெழுத்தான விழாவில் மேலாளருக்கும் ஒரு பொன்னாடை கிடைத்திருந்தது.

இப்படித்தான் சொரிமுத்து பேரவைக்கு வந்து சேர்ந்தார். ஏழு செவ்வாய்க்கிழமை ஆயிற்று. சீட்டுதான் வந்தபாடில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் மாத்திரையோடு வாழ்வியலும் சேர்த்துக் கொடுத்தார்கள். தேநீர் தவிர்ப்புக்கு ஒரு துணைக்குழு, நடைக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று. உறக்கத் துணைக்குழு ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு நேரிலேயே வந்தது. விடிகாலைப் பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த சொரிமுத்துவைத் தட்டி எழுப்பி, “நல்லாத் தூங்குதீரா?” என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை வாழ்வியல் நாட்குறிப்பு. ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு கட்டம். இருபத்தேழாவது கட்டத்தில், ‘இன்று கோபம் கொண்டீரா? ஆம் எனில் யார் மீது? அவரது கையொப்பம்’ என்று இருந்தது. சொரிமுத்து உண்மை விளம்பியாக ‘ஆம், ஆட்டோக்காரர் மீது’ என்று எழுதி, கையொப்பம் இல்லாமல் கொண்டுபோனார். கையொப்பமில்லாத கோபம் ஏற்கப்படாது என்று சொல்லி, அந்த வாரத்து மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். அடுத்த முறை பேருந்து வரும் வழியை மறித்து நின்ற ஆட்டோவைத் திட்டிவிட்டு, கையோடு நாட்குறிப்பையும் நீட்டினார்.

“என்னது இது?”

“ஒண்ணுமில்ல தம்பி. நான் உம்மேல கோவப்பட்டேன்லா, அதுக்கு ஒரு கையெழுத்து.”

அதன்பின் ஆட்டோக்காரர் பேசியதைப் பேருந்து நிலையமே நின்று கேட்டது. அவரிடம் பேரவையின் நாட்குறிப்பு இல்லாததால் அந்தக் கோபம் எங்கும் பதிவாகாமல் போயிற்று.

இனி மேடைக்கு வருவோம். மூன்றாவது திரி ஒருவழியாக எரிந்தது. சிறப்புரையாற்ற எழுந்தவர் டாக்டர் ஹெப்ரான். நெஞ்சு வைத்தியத்தில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும். தன் மருத்துவமனையில் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவாராம். பேரவை மேடையில் அவருக்கு முகங்கள் தெரிவதில்லை. எதிரே கூட்டம் மட்டும்தான் தெரியும். ‘பதற்றமில்லாப் பெருவாழ்வு’ என்ற பொருளில் ஐம்பது நிமிடம் பேசினார்.

முன்வரிசையில் சொரிமுத்துவின் நெஞ்சு இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. சுகிர்தா குனிந்து காதில் சொன்னார். “மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு வயித்தை நல்லா முக்குங்க. பதினஞ்சு எண்ணுங்க. சிலருக்குக் கேக்கும்.”

சொரிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு முக்கினார். பக்கத்தில் இருந்தவர் உரையைக் கேட்டு அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். பதின்மூன்று எண்ணும்போது உள்ளே ஏதோ ஒன்று பொட்டென்று நின்று, பைய நடக்க ஆரம்பித்தது. அப்பாடா என்று அவர் துண்டை எடுத்ததும், ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அன்று பேரவையின் நூறாவது வாரம். குணமானவர் ஒருவரை மேடையேற்றுவதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஏற வேண்டிய ஓய்வுபெற்ற குமாஸ்தா, காலையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு முன்வரிசையில் இருந்த சொரிமுத்துவைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒலிபெருக்கி அருகில் வந்தது.

“எழுபத்தெட்டு.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. “ஐயா, இப்பத்தான் முக்கி நிப்பாட்டுனேன். கீழ பாக்கும்போது நூத்தி அறுவத்தி நாலு. அந்த அட்டையில…” என்று சொரிமுத்து ஆரம்பித்தார். அட்டையில் பென்சிலை அழித்துவிட்டு மையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பேரவைத் தலைவர் அப்பாத்துரை எழுந்தார். கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“அன்பிற்கினியோரே! இந்தப் பேரவையைத் தொடங்கியபோது ஏளனம் செய்தார்கள். இன்று சொல்கிறேன். நூறு வாரங்களில் நாம் ஆற்றிய உரைகள் அறுநூற்று நாற்பது! போர்த்திய பொன்னாடைகள் ஆயிரத்து இருநூறு! பார்த்த நோயாளிகள்…” செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் பக்கங்களைப் புரட்டினார். “…அதுவும் கணிசமாகவே இருக்கும்.”

சொரிமுத்துவுக்கு ‘சீர்நாடிச் செம்மல்’ என்ற பட்டம் அந்த இடத்திலேயே வழங்கப்பட்டது. பொன்னாடை, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல், புகைப்படம். கீழே இறங்கி வந்து மாத்திரைக்குக் கை நீட்டினார். கொடுக்கிற இடத்தில் இருந்தவர் பதறிப்போய், “செம்மலுக்கு மாத்திரை கொடுத்தா பட்டத்துக்கே இழுக்குல்லா?” என்று சன்னலை மூடினார்.

மறுநாள் படம் பத்திரிகையில் வந்தது. அதற்கு மறுநாள் கிளை மேலாளர் கூப்பிட்டார்.

“வாரும்வே செம்மல்! நாளையிலிருந்து காரையாறு வண்டி உமக்குத்தான்.”

“ஐயா, அது தப்பா நடந்துபோச்சு. இன்னும் வருது. மலை வளைவுல வந்துச்சுன்னா கீழ அறுவது பேரு…”

“பேப்பர்ல போட்டிருக்கான்லா. நீரு பேப்பரைவிடப் பெரிய ஆளா?”

அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். அவர் விளக்கேற்றவில்லை. ஈசிஜி எடுத்தார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். “இது நெஞ்சுக்குள்ள ஒரு குறுக்குப் பாதை மாதிரி. மதுரைக்குப் போயி கம்பி விட்டு அதை அடைச்சிரலாம். டீயைக் குறையும், தூக்கத்தை விடாதேயும், மாத்திரையை ஒருநாளும் தானா நிப்பாட்டாதேயும். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது” என்று பத்தே நிமிடத்தில் சொல்லி, எழுதியும் கொடுத்தார். டிப்போவில் அந்தச் சீட்டை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. விடுப்பு எடுக்கலாமென்றால், இருந்த விடுப்பெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் கரைந்திருந்தது.

ஆகவே சொரிமுத்து ஓட்டினார். பாப்பாக்குடி பக்கம் ஒரு வியாழக்கிழமை மறுபடி அந்தத் தட்டல் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, டயரைப் பார்ப்பது போல இறங்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, முக்கி, சமாளித்து ஏறினார். நடத்துநர் நூர்முகம்மது மட்டும் பார்த்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது எத்தனை நாளைக்கு?”

“யாராவது ஒருத்தர் எனக்குச் சீக்குன்னு நம்புத வரைக்கும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி ஆறுமுகத்தாய் அவரைக் கூட்டிக்கொண்டு பேரவைக்கே போனாள். தலைவரின் அறையில் பொன்னாடையையும் மடலையும் மேசைமேல் வைத்தாள்.

“ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. இதத் திருப்பி எடுத்துக்கிட்டு, இவுகளுக்குச் சீக்குதான்னு ஒரு வரி எழுதித் தாங்க.”

அப்பாத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா, பட்டம் வழங்க விதி இருக்கிறது. திரும்பப் பெற விதி இல்லை. செம்மல் ஒருவர் மறைந்துவிட்டால், பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று சேர்க்க மட்டும் இடமிருக்கிறது.”

“அதுக்குப் பயந்துதான்யா வந்திருக்கோம்.”

“அப்படியா? எந்தக் குறையானாலும் அவையில் வைப்பதுதான் மரபு. செம்மல் இன்று ஏற்புரை ஆற்றட்டும்.”

ஒலிபெருக்கியின் முன்னால் நிறுத்தினார்கள். இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை என்பதால் சொரிமுத்து உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குணமாகல. போன வியாழக்கிழமைகூட வந்துச்சு. வண்டியில அறுவது பேரு இருந்தாவ. பிள்ளத்தாச்சி ஒண்ணு முன் சீட்டுல உக்காந்திருந்துச்சு. என்னால அத்தனை பேரும் சாவப்போறாவளோன்னு பயமா இருக்கு. உங்க எல்லார் காலுலயும் விழுதேன். எனக்குச் சீக்குன்னு யாராவது எழுதிக் குடுங்க.”

ஆறுமுகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கண்டீர்களா இந்த அடக்கத்தை!” என்று அப்பாத்துரை தழுதழுத்தார். “வென்ற பின்னும் வென்றேன் எனச் சொல்லாத பண்பு! பயணிகளைத் தன் உயிரினும் மேலாக மதிக்கும் பாங்கு! இவரைப் போன்றவர்கள் ஸ்டியரிங்கில் அமர்ந்திருக்கும்வரை நமக்கேது கவலை?”

அவை எழுந்து நின்று கைதட்டியது. இன்னொரு பொன்னாடை வந்தது. கீழே இறங்கியதும் ஆறுமுகத்தாய் அதைப் பிடுங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. காரையாறு கோயிலுக்கு ஊரே கிளம்புகிற நாள். அத்தனை பெரிய கூட்டத்தைப் பேரவை சும்மா விடுமா? மலைமேல் ஒரு பந்தல் போட்டு ‘இதயம் காப்போம்’ விழா ஏற்பாடு செய்தது. தனிப் பேருந்து கேட்டு டிப்போவுக்குக் கடிதம் எழுதியது. ‘செம்மல் அவர்களே வண்டியைச் செலுத்துவது சாலச் சிறப்பு’ என்று கடைசியில் ஒரு வரி.

வண்டியின் நெற்றியில் சொரிமுத்துவின் படம் போட்ட பேனரைக் கட்டியிருந்தார்கள். தன் முகத்தைத் தானே தள்ளிக்கொண்டு அவர் மலையேறினார். உள்ளே தலைவர், செயலாளர், டாக்டர் ஹெப்ரான், துணைக்குழுக்கள் மூன்று, பத்திரிகைக்காரர் ஒருவர், ஆக ஐம்பத்தெட்டு பேர். சோதனைச் சாவடி தாண்டி இரண்டாவது வளைவில் வந்தது.

இந்தத் தடவை தட்டவில்லை. உடைத்தது. கண்ணின் ஓரங்கள் கறுத்து, சாலை ஒரு குழாய்க்குள் தெரிவது போல ஆயிற்று. வலப்பக்கம் பள்ளம், அடியில் ஆறு. சொரிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் மலைச்சுவரோடு வண்டியை ஒடித்தார். சக்கரம் சாலையோர ஓடையில் இறங்கியது. கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார். நூர்முகம்மது குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டார்.

சாலையோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த சொரிமுத்துவின் மணிக்கட்டைப் பழக்க தோஷத்தில் டாக்டர் பிடித்துவிட்டார். பிடித்தவர் முகம் மாறியது.

“தலைவரே, நூத்தி எண்பதுக்கு மேல இருக்கு.”

“மெதுவாக டாக்டர், பத்திரிகை இருக்கிறது.”

“டாக்டரய்யா,” என்று சொரிமுத்து அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார், “அத ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

டாக்டர் ஹெப்ரான் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்கு நான் சிறப்பு விருந்தினராத்தான் வந்திருக்கேன்” என்றார் டாக்டர், தரையைப் பார்த்தபடி. “மருத்துவராக் கூப்பிடல.”

“பதினொன்றுக்கு விழா. இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றார் அப்பாத்துரை. “செம்மலே, மெல்ல உருட்டுங்கள். நாடியை மேடையில் பார்த்துக்கொள்ளலாம்.”

“அண்ணாச்சி, நீங்க ஏறுனீங்கன்னா நான் சக்கரத்துக்கு முன்னால படுத்துருவேன்” என்றார் நூர்முகம்மது.

சொரிமுத்து எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நாலடி நடந்து, சிக்னல் ஒரு கோடு காட்டிய இடத்தில் நின்று டிப்போவுக்குப் போன் செய்தார். மேலாளரே எடுத்தார்.

“ஐயா, வண்டியில கோளாறு.”

“என்ன கோளாறு?”

சொரிமுத்து நெஞ்சில் கைவைத்தார். “நிக்கும்போதே ரேஸ் ஆவுது. ஒண்ணும் செய்யாமலே கடகடன்னு ஏறுது. நடுவுல அப்படியே அணையப் பாக்கு. எப்ப ஏறும், எப்ப அணையும்னு சொல்ல முடியல.”

“ஐயையோ! எத்தனை நாளா?”

“நாலு மாசமா.”

“நாலு மாசமாவா! என்ன மனுசன்வே நீரு! அப்படிப்பட்டத மலையில கொண்டு போகலாமா? உள்ள இருக்கது உசுரு இல்லையா? ஒரு அடி நகத்தக்கூடாது. எல்லாரையும் இறக்கிவிடும். மெக்கானிக்க அனுப்புதேன். எந்தக் கொம்பன் சொன்னாலும் எடுக்கப்படாது, கேட்டீரா?”

நான்கு மாதத்தில் சொரிமுத்துவின் நெஞ்சுக்காக ஓர் அதிகாரி பதறியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மேலாளரின் உத்தரவு என்று கேட்டதும் பேரவை பேனரை அவிழ்த்துக்கொண்டு நடந்தே மலையேறியது. நடைத் துணைக்குழு எல்லாருக்கும் பின்னால் போயிற்று.

கால் மணி நேரத்தில் பாபநாசத்திலிருந்து மெக்கானிக் மணிராஜ் இரண்டு உதவியாட்களோடு வேனில் வந்து சேர்ந்தார். எஞ்சினைத் திறந்து, ஸ்குரூடிரைவரை வைத்து மறுமுனையில் காதை வைத்தார். உதவியாட்களும் காதை வைத்தார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சொரிமுத்து சுவரோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டியில ஒண்ணுமில்லையே அண்ணாச்சி.”

“வண்டியில இல்ல தம்பி.”

மணிராஜ் கிட்டே வந்தார். சொரிமுத்துவின் கழுத்தில் நரம்பு துள்ளுவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அங்கே தொட்டவர், சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

“ஏன் அண்ணாச்சி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“மனுசனுக்குன்னு சொல்லிப் பாத்தேன் தம்பி. எடுபடல.”

மணிராஜ் வேனிலிருந்து பழுதுச் சீட்டுக் கட்டை எடுத்தார். ‘வண்டி எண்’ என்ற இடத்தில் சொரிமுத்துவின் பணியாளர் எண்ணை எழுதினார். ‘கோளாறு: துடிப்பு மிகுதி.’ ‘பரிந்துரை: பழுது நீங்கும்வரை சாலைக்கு அனுப்பக் கூடாது.’ பேனாவால்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டு, உதவியாட்களிடமும் வாங்கிக்கொண்டு, சொரிமுத்துவை வேனின் முன் சீட்டில் ஏற்றி அம்பாசமுத்திரம் டாக்டரிடம் கொண்டுபோனார். அங்கே ஊசி போட்டு நிறுத்தினார்கள்.

கிளை மேலாளர் ஒரு நாளைக்கு முப்பது பழுதுச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். முப்பத்தோராவதிலும் போட்டார். தகுதியற்றது என்று ஆன ஒன்றைச் சாலைக்கு அனுப்ப அதற்குமேல் யாருக்கும் துணிச்சல் இல்லை. சொரிமுத்து காலையில் டிப்போவுக்கு வந்து, பணிமனைக் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனார். ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. மதுரைச் சிகிச்சைக்கு அலுவலக ஒப்புதல் வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று கேட்டபோது, பழுதுப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள்.

மாதக் கடைசியில் பழுதானவற்றின் பட்டியல் தலைமையிடத்துக்குப் போயிற்று. அவருடைய எண்ணுக்கு நேரே ‘உதிரிபாகத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது.

“எப்பதாங்க நம்ம முறை வரும்?” என்று ஆறுமுகத்தாய் கேட்டாள்.

“முன்னால ரெண்டு கியர்பாக்ஸ் கிடக்கு” என்றார் சொரிமுத்து, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு. “அது முடிஞ்சா நாமதான்.”